நோய் உடலில் எங்கே தொடங்குகிறது?

 

உடன்குடி வட்டாரத்து வீடுகளில் ஒருவருக்குச் சளியும் காய்ச்சலும் கண்டால், சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்த காப்பிதான் முதல் மருந்து. சளியை அடக்கக் கூடாது, அது வெளியேறட்டும் என்பார்கள் பெரியவர்கள். இந்தப் பேச்சுக்குள் பழமையான ஒரு மருத்துவக் கொள்கை அடங்கியிருக்கிறது. நோய் என்பது வெளியிலிருந்து வந்த பகை அன்று. உள்ளே சேர்ந்துவிட்ட கழிவை அகற்ற உடல் தானே மேற்கொள்ளும் முயற்சி என்பதே அக்கொள்கை. இன்று இயற்கை மருத்துவம் என்ற பெயரில் நம் குடும்பங்களிலும் பலர் இதைப் பின்பற்றுகின்றனர். ஆகவே, இதன் வரலாற்றையும் எல்லையையும் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

முஸ்லிம் உலகம் வளர்த்தெடுத்த யுனானி மருத்துவத்தில் இக்கருத்து தெளிவாகக் காணப்படுகிறது. கிரேக்கரிடமிருந்து வந்த இம்முறையை இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் ஒழுங்குபடுத்தினார். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கும் தத்தம் அளவில் இருப்பதே ஆரோக்கியம்; அளவோ தன்மையோ கெட்டால் நோய். காற்று, உணவும் பானமும், உடலின் உழைப்பும் ஓய்வும், மனத்தின் கிளர்ச்சியும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் தங்குவதும் நீங்குவதும் ஆகிய ஆறும் நலத்தைத் தீர்மானிக்கும் காரணங்கள். உடலைக் காக்கும் உள்ளாற்றலை ‘தபீஅத்’ என்றனர். கெட்ட பொருளை அது பக்குவப்படுத்தி வெளியேற்றும். மருத்துவர் அதற்குத் துணை நிற்பவரே.

வயிறே நோயின் வீடு, உணவைக் கட்டுப்படுத்துவதே தலையான மருந்து என்ற புகழ்பெற்ற கூற்றும் இந்த மரபைச் சேர்ந்ததே. இதை நபிமொழி என்று பலர் மேடைகளில் சொல்கின்றனர். ஆனால் இது அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என்று இப்னுல் கய்யிம் போன்ற அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற அறிவுரையே திர்மிதியில் பதிவான நபிமொழி.

இன்றைய இயற்கை மருத்துவத்தின் நேரடி வேர் ஜெர்மனியில் உள்ளது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882இல் பெர்லினில் அறிவித்தார். மறு ஆண்டே லைப்சிக் நகரில் லூயி கூனே தமது சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். எல்லா நோய்களும் ஒன்றே என்பது அவர் கொள்கை. செரிக்காத உணவாலும் கெட்ட காற்றாலும் அந்நியப் பொருள் அடிவயிற்றில் சேர்கிறது. அது புளித்து, சூடேறி, உடலெங்கும் பரவுகிறது. காய்ச்சல் அதன் விளைவு. தொட்டிக் குளியலும் நீராவியும் எளிய சைவ உணவுமே அவர் தந்த மருந்துகள். அவரது நூல் 1894இலேயே தெலுங்கில் வெளிவந்தது. தமிழகத்தில் புதுக்கோட்டை லட்சுமண சர்மா இம்முறையை ஐம்பூதங்களோடு இணைத்து, ஆகாயத்திற்கு உரிய மருந்து உபவாசம் என்று விளக்கினார். நம் தாமிரபரணிப் பகுதியிலேயே, சிவசைலத்தில் இராமகிருஷ்ணன் நிறுவிய நல்வாழ்வு ஆசிரமம் தேங்காயும் பழமுமாகிய சமைக்காத உணவைப் பரப்பியது.

இக்கொள்கைக்குக் கடுமையான சோதனைகளும் நேர்ந்தன. 1892இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊரான ஆல்டோனா பெருமளவு தப்பியது. இரண்டு ஊர்களின் உணவுப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை, வேறுபட்டது நீர்தான். அவ்வாண்டே, கிருமி மட்டும் நோயை உண்டாக்காது என்று காட்ட விரும்பிய பெட்டன்கோஃபர், காலராக் கிருமி கலந்த நீரைக் குடித்து, சிறிய வயிற்றுப்போக்கோடு பிழைத்தார். உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் இதில் பங்குண்டு என்பதற்கு அது சான்றாகலாம். ஹாம்பர்க்கின் இறப்புகளுக்கு அது விடையாகாது.

இந்த உண்மை முஸ்லிம் அறிஞர்களுக்குப் புதிதன்று. 1348இல் அந்தலூசியாவைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயாளியோடு பழகுவதாலும் அவருடைய ஆடை, பாத்திரங்கள் வழியாகவும் நோய் தொற்றுகிறது என்பதை அனுபவமே மெய்ப்பிக்கிறது என்று கிரனாடாவின் இப்னுல் கதீப் வாதிட்டார். நான்கு திரவக் கொள்கை ஆட்சி செய்த காலத்திலும் கண்ணால் கண்டதை அவர் மறுக்கவில்லை.

இயற்கை மருத்துவத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்ட காந்தியடிகளே 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சிக்காகப் பூனாவின் சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை, இன்சுலின் சுரக்காத சிறுவர்களுக்கு மருத்துவர்கள் தரமுடிந்தது கடும் பட்டினி ஒன்றே. அது சாவைச் சிறிது தள்ளிப்போட்டது, அவ்வளவே. 1922 ஜனவரியில் டொராண்டோவில் இன்சுலின் பெற்ற பதினான்கு வயது லெனார்ட் தாம்சன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

இவ்வரலாறு நம் வீட்டுக்குச் சொல்வது என்ன? அளவான உணவு, உழைப்பு, உறக்கம் ஆகியவற்றைப் பற்றி முன்னோர் சொன்னவை இன்றும் செல்லும். சாதாரணச் சளிக்குச் சுக்குக் காப்பி இதம் தரும். ஆனால் கழிவு வெளியேறுகிறது என்று நம்பி இன்சுலினை நிறுத்துவதும், குழந்தையின் கடும் காய்ச்சலை வேடிக்கை பார்ப்பதும், காசநோய் மாத்திரையைப் பாதியில் விடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். புவிசார் குறியீடு பெற்ற நம் உடன்குடிக் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர் அதை மருந்தென எண்ணக் கூடாது. ரமழானிலும், நோயாளி வேறு நாட்களில் நோன்பு நோற்க இறைவேதம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவரைக் கேட்டு அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறக்கிய அல்லாஹ், அதைத் தேடும் அறிவையும் நமக்குத் தந்திருக்கிறான். உணவுத் தட்டில் அளவையும், நோய் கண்டபோது மருத்துவத்தையும் ஒருசேரப் பேணும் நல்லறிவை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.