ஆவூர்க் கோட்டையும் ஆத்தி மாலையும்

பங்காளிப் பகை சோழநாட்டில் மிகப் பழையது. கும்பகோணத்தை அடுத்த ஆவூரில் நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்திருந்தான். வெளியே நலங்கிள்ளியின் முற்றுகை. இருவரும் சோழர். பாலின்றி அலறும் குழந்தைகளையும் நீரின்றித் தவிக்கும் வீடுகளையும் புறநானூற்றின் 44ஆம் பாட்டில் காட்டுகிறார் கோவூர் கிழார். அறமுண்டெனில் கோட்டையைக் கொடு, மறமுண்டெனில் வெளியே வந்து பொருது என்பது அவர் வாதம்.

உறையூர் முற்றுகையின்போது பாடிய 45ஆம் பாட்டு நம்மை இன்னும் உறுத்துகிறது. எதிரி சூடியது சேரனின் பனையுமன்று, பாண்டியனின் வேம்புமன்று. இருபுறமும் அதே ஆத்தி. எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. மகிழ்பவர் பிற வேந்தர்.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனென்று கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி (பகைக்குப் புலவனும் ஒற்றன்தான்!). அவனைக் காத்தவரும் கிழாரே. நெடுங்கிள்ளிக்கு நூல்கள் தரும் அடைமொழியோ, 'காரியாற்றுத் துஞ்சிய' என்பது. துஞ்சுதல் என்றால் இறத்தல்.