நாண் அறுந்தால் என்ன ஆகும்? சேரர் வில் முதல் காம்பவுண்ட் வில் வரை

சேரர்களின் சின்னம் எது என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட "வில்" என்று சொல்லிவிடும். கரூர்ப் பக்கம் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் இருக்கின்றன. பெருந்துறை வட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலைகளும், ஈமக் குழிகளில் வைக்கப்பட்ட இரும்பு ஆயுதங்களும் அங்கே வெளிவந்தன. பதிற்றுப்பத்தில் வரும் "கொடுமணம்" இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, கொங்கு நாட்டுக்கும் வில்லுக்கும் உள்ள சொந்தம் நேற்று வந்தது இல்லை!

ஆனால் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? வில்லால் ஜெயித்த கதைகள்தான் வரலாற்றில் நிறைய. வில் காலை வாரிவிட்ட கதைகளை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மழையில் தோற்ற வில்

கி.மு. 326. ஜீலம் நதிக்கரையில் அலெக்சாண்டரும் போரஸும் மோதிய போர். இந்திய வீரர்களின் வில் கிட்டத்தட்ட ஆள் உயரம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்திக்கொண்டு நாணை இழுப்பார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் அரியன் எழுதியிருக்கிறார். அப்படி விட்ட அம்பைக் கேடயத்தாலும் தடுக்க முடியாதாம். ஆனால் போருக்கு முன்பு பெய்த மழையில் தரை சேறாகிவிட்டது. ஊன்றிய வில் வழுக்கியது, வீரர்கள் தடுமாறினார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் கர்ட்டியஸ். வில் உடையவில்லை, நாண் அறவில்லை. ஆனாலும் அது கருவிக் கோளாறுதான். கருவி நன்றாக இருந்தும் அது நிற்க வேண்டிய இடம் சரியில்லை.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதக் கிடங்கைப் பற்றிச் சொல்லும்போது பனை, மூங்கில், மரம், கொம்பு என்று வில்லுக்கான பொருள்களைத் தனித்தனியாகப் பட்டியல் போடுகிறது. நாணுக்கும் அப்படியே: மூர்வா என்ற கொடியின் நார், எருக்கு நார், சணல், விலங்கின் நரம்பு... ஒரு நாண் போனால் இன்னொன்று கைவசம் இருக்க வேண்டும் என்ற கணக்கு அன்றே இருந்திருக்கிறது. மகாபாரதப் போர்க் காட்சிகளிலும் ஒருவன் வில் அறுபட்டதும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: "வேறொரு வில்லை எடுத்தான்". கோளாறுக்கு மனிதன் கண்டுபிடித்த மிகப் பழைய மருந்து, மாற்று வில்!

கப்பி வைத்த வில்

இப்போது 1966-க்கு வருவோம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர், சாதாரண வில்லின் இரண்டு நுனிகளையும் வெட்டிவிட்டுக் கப்பிகளை மாட்டினார். அந்த ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-ல் பெற்றார். இதுதான் காம்பவுண்ட் வில்.

இதன் சூட்சுமம் எளிமையானது. சாதாரண வில்லில் இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். காம்பவுண்ட் வில்லில் மையம் விலகிய கப்பி, அதாவது கேம், சுழன்றதும் பாரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இழுத்துப் பிடித்தபடி நிதானமாகக் குறி பார்க்கலாம். கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது உடனே புரியும். கயிறும் உருளையும் சேர்ந்தால் பாரத்தைப் பழக்கிவிடலாம்.

ஆனால் அதே பெரியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வடக்கயிறு அறுந்தால் சால் கிணற்றுக்குள்! மாடு பூட்டும் முன் கயிற்றைத் தடவிப் பார்ப்பது அதனால்தான். காம்பவுண்ட் வில்லிலும் வசதி கூடியபோதே கோளாறுக்கான இடங்களும் கூடிவிட்டன. பழைய வில்லில் இரண்டே பாகம்: தண்டு, நாண். இதிலோ நாண், கேபிள்கள், இரண்டு கேம், அச்சுகள், லிம்ப் எனப்படும் கைகள், நாணில் கட்டிய சின்ன வளையம், அதைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவி... ஆரம்ப கால வில்களில் எஃகுக் கேபிள்கள் இருந்தன. பின்னால் செயற்கை இழைகள் அந்த இடத்துக்கு வந்தன. நாள்பட நீளாத இழைகளைத் தேடுவதே தனித் தொழிலாக வளர்ந்தது.

எது நடந்தால் ஆபத்து?

இருப்பதிலேயே மோசமானது, அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடுவது. அம்போடு போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். லிம்ப் விரிசல் விடலாம், கேம் வளையலாம், நாண் தடத்தை விட்டு வெளியே குதிக்கலாம். அம்பின் பின்புறக் கொக்கி உடைந்தாலும் இதே கதிதான்.

அப்படி நடந்துவிட்டால் "எதற்கும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம்" என்று மட்டும் நினைக்கக் கூடாது. பஞ்சை எடுத்து லிம்ப் முழுவதும் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிம்பு இருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். பிறகு கேம் நேராக இருக்கிறதா, நாணில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண வில்லின் நாணைக் கையாலேயே மாற்றிவிடலாம். காம்பவுண்ட் வில்லுக்கு லிம்ப்களை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி தேவை. அது இல்லாமல் கழற்ற முயன்றால் கை கண் போய்விடும்.

கடிகாரம் நிற்காது

போட்டியில் இதெல்லாம் நடந்தால்? தகுதிச் சுற்றில் நடுவர் கோளாறை உறுதி செய்தால் பழுது பார்க்க 15 நிமிடம் வரை கூடுதல் நேரம் உண்டு. ஆனால் நேருக்கு நேர் மோதும் சுற்றில் அந்தச் சலுகை இல்லை. தனிநபர் போட்டியில் மாறி மாறி எய்யும்போது ஒரு அம்புக்கு 20 நொடிதான். அதற்குள் சரி செய்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த அம்பு போனதுதான்.

ஒரு அம்பு போனால் என்ன என்று கேட்கலாம். 50 மீட்டர் தூரத்தில் 15 அம்புகள், மொத்தம் 150 புள்ளி. இதில் ஒரு புள்ளி எவ்வளவு பெரியது தெரியுமா? 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அபிஷேக் வர்மா, ரஜத் சவுகான், சந்தீப் குமார் அணி தென் கொரியாவை வென்று தங்கம் வாங்கியது 227-225 என்ற கணக்கில். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கைகள் இல்லாமல் காலால் வில்லேந்தும் ஷீத்தல் தேவியும் ராகேஷ் குமாரும் இத்தாலியை வென்று வெண்கலம் வாங்கியது 156-155. ஒரே ஒரு புள்ளி! அதே பாரிஸில் தனிநபர் பிரிவில் ஷீத்தல் வெளியேறியதும் ஒரே புள்ளியில், 137-138. கேபிள் துளி நீண்டிருந்தாலோ, நாணில் கட்டிய வளையம் நகர்ந்திருந்தாலோ இந்தக் கணக்குகள் தலைகீழாகியிருக்கும்.

அதனால்தான் பெரிய வீரர்கள் ஒரே மாதிரி சரி செய்த இரண்டாவது வில்லையும் கொண்டு வருகிறார்கள். பையில் மாற்று நாண், வளையக் கயிறு, நாண் மெழுகு, ஆலன் சாவிகள். கூடவே அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம், பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி எல்லாம் எழுதிய ஒரு நோட்டு. அந்த அளவு இல்லாவிட்டால் புது நாண் போட்டும் பயன் இல்லை. பழைய வில் திரும்பக் கிடைக்காது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் காம்பவுண்ட் வில்லுக்கும் இடம் கிடைத்திருக்கிறது, கலப்பு அணிப் பிரிவில். இந்தியா பதக்கம் எதிர்பார்க்கும் பிரிவு அது. அங்கே போகிறவர்களின் பையில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அர்த்தசாஸ்திரத்துக் கிடங்கில் இருந்ததேதான்: இன்னொரு வில், இன்னொரு நாண். இழை மாறியிருக்கிறது, கப்பி வந்திருக்கிறது. மாடு பூட்டும் முன் கயிற்றைத் தடவிப் பார்க்கும் அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.