கினீசியாலஜி படிக்க கனடா போறீங்களா? கடன் வாங்கும் முன் இதைப் படிங்க!

தேனி பக்கம் பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்து, 'பி.பி.டி முடிச்சாச்சு, கனடாவுல கினீசியாலஜி மாஸ்டர்ஸ் போடலாமா?'னு யோசிக்கிறவரா நீங்க? உடல் அசைவை ஆராயும் இந்தப் படிப்பு, பிசியோதெரபிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. ஒன்டாரியோ மாகாணத்தில் 2013 முதல் கினீசியாலஜிஸ்ட் தனிப் பதிவுள்ள தொழில். அந்தப் பட்டத்தை மட்டும் வச்சு அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. அதுக்குத் தேர்வு, பதிவு எல்லாமே தனி. பேங்க் லோனுக்கு அப்பா கையெழுத்துப் போடும் முன்னாடி இதை வீட்டில் பேசிடுங்க.

ஆய்வு சார்ந்த மாஸ்டர்ஸ்னா, வழிகாட்ட ஒரு பேராசிரியர் சம்மதிக்கணும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே அவருக்கு மெயில் போடுங்க. எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பாதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க!

இங்கேயே படிக்கணும்னா, சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. 'பயோமெக்கானிக்ஸ்', 'எக்சர்சைஸ் பிசியாலஜி' பேர்களிலும் தேடிப் பாருங்க.