கங்காணியின் கண்ணும் கணினியின் கண்ணும்

உழைப்பவரை மேற்பார்வை செய்யும் வழக்கம் புதியதன்று. 'கண்காணி' என்னும் சொல்லின் பழமையே அதற்குச் சான்றாகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் பொருளும் அறக்கட்டளையும் முறையாக நடைபெறுகின்றனவா என்று பார்த்தவர் 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி' எனப்பட்டார். பொதுப் பொருளைக் காத்த ஒருவரைக் குறித்த அச்சொல், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் 'கங்காணி' என்று வழங்கி, தொழிலாளரைத் திரட்டி வந்து அவர்களை வேலை வாங்கியவரைக் குறிக்கலாயிற்று.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் அலுவலகங்களில் கங்காணி இல்லை. ஆயினும் கணினிமுன் அமர்ந்திருப்பவர் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், யாருக்கு மின்னஞ்சல் விடுத்தார் என்பனவெல்லாம் முதலாளியின் பதிவேட்டில் ஏறக்கூடும். இது புதுயுகத்தின் புதுச் சிக்கல் என்று பலர் கருதுகின்றனர். கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சிக்கல் பழையது. அதற்கு எல்லை வகுக்க வேண்டும் என்று முதலில் எழுந்து கேட்டவர்களுள் இதே கிள்ளான் மாவட்டத்துத் தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர்.

பெரட்டுக் களம்

1910-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டும் முறை நிறுத்தப்பட்டபின், கங்காணி முறையே தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முதன்மை வழியாயிற்று. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து உற்றாரையும் ஊராரையும் திரட்டி வந்த கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தரகு கிடைத்தது. அதனோடு அன்றாடம் வேலைக்கு வந்தவர் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்குக் காசும் கிடைத்தது. ஆகவே ஒருவர் வேலைக்கு வராமற் போனால் இழப்பு அவருக்கு மட்டுமன்று, கங்காணிக்கும் இழப்பே. காய்ச்சலில் கிடப்பவரையும் லயத்திலிருந்து எழுப்பிக் கொணரும் கொடுமைக்கு இந்த ஏற்பாடு இடந்தந்தது.

பொழுது புலருமுன் பெரட்டு நடக்கும். கிராணி செக்ரோலைத் திறந்து பெயர்களை அழைப்பார். காலந்தாழ்ந்தவர் அரை நாட்கூலியை இழக்கலாம். அன்றைய வேலையையே இழக்கவும் நேரலாம். பால்மரக் காட்டில் மண்டோர் நிரை நிரையாகச் சுற்றி வருவார். பட்டையில் காயம் பட்டிருக்கிறதா, மரம் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பார். நண்பகலில் பால் நிறுக்கப்படும். அதில் நீர் கலந்துள்ளதா என்பதை ஒரு மானி காட்டிவிடும்.

இவையெல்லாம் வேலையைப் பற்றிய மேற்பார்வை. கூலி கொடுப்பவர் வேலையை அளந்து பார்ப்பதில் நியாயமில்லை என்று எவரும் கூற இயலாது. ஆனால் தோட்டத்து மேற்பார்வை பாலை நிறுத்தவுடன் முடிவடையவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நடந்த பாதையும், குழந்தை வளர்ந்த ஆயாக் கொட்டகையும், பிள்ளைகள் படித்த பள்ளியும், மாலையில் சென்ற கள்ளுக்கடையும் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. ஊரிலிருந்து வந்த கடிதமும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே கைக்கு வந்தது. யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது துரைக்குத் தெரியாமல் இராது. வேலைநேரம் முடிந்தபின்னும் தொழிலாளர் முதலாளியின் பார்வையிலேயே வாழ்ந்தனர்.

நகரத்து நிலை இதனினும் மேம்பட்டதாயினும், அடிப்படை வேறன்று. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' குடியிருப்பு பின்னாளில் இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்க்கு வேலை போனால் வீடும் போகும். வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது, அக்கைக்குரியவர் வேலையை மட்டும் பார்ப்பதோடு நின்றுவிடுவது அரிது.

1941: கிள்ளான் எழுச்சி

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடர்ச்சியாக வேலைநிறுத்தங்கள் வெடித்தன. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் முதலியோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். சீனத் தொழிலாளர் பெற்ற கூலிக்கு நிகரான கூலி வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. வரலாற்று நூல்கள் பலவும் இதனையே முதன்மைப்படுத்திக் கூறுகின்றன. ஆனால் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலை முழுமையாக நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும்.

உற்றாரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும் என்பது மற்றொன்று. துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல இசைவு வேண்டும் என்பது இன்னொன்று. குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்கலாகாது என்றும், தங்கள் நலம் பேசத் தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும் என்றும் கேட்டனர். பெண்களின் மானம் காக்கப்பட வேண்டும் எனவும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் எனவும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் எனவும் கோரினர்.

இவற்றுள் கூலியும் வேலைநேரமும் நீங்கலாகப் பெரும்பாலானவை ஒரே கருத்தைச் சுட்டுவன. 'எங்கள் உழைப்பு உங்களுக்கு உரியது. எங்கள் வாழ்வு உங்களுக்கு உரியதன்று' என்பதே அக்கருத்து. யார் எங்களைக் காண வரலாம், நாங்கள் யாரோடு பேசலாம், பாதையில் எப்படிச் செல்லலாம் என்பவை முதலாளியின் பதிவேட்டில் இடம்பெற வேண்டியவை அல்ல என்று அத்தொழிலாளர் வரையறுத்தனர். அவர்களிற் பலர் எழுத்தறிவு பெறாதவர்கள். எனினும் மேற்பார்வைக்கு எல்லைக்கோடு எங்கே கிழிக்கப்பட வேண்டும் என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

அதற்கு அவர்கள் தந்த விலை பெரிது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டு, படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியர் படையெடுத்து வர, அந்தக் கோரிக்கைகள் போரின் புகையில் மறைந்தன.

தோட்டம் மறைந்து நகரம் எழுதல்

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வேரூன்றின. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1970-களில் சுங்கைவே முதலிய இடங்களில் தடையற்ற வாணிக மண்டலங்கள் தோன்ற, தோட்டத்துப் பெண்கள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாயின.

1996-இல் அரசு பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பகுதியாகிய புத்ராஜெயா, பிராங் பெசார் என்னும் இரப்பர்த் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்தது. அவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் அருகே குடியமர்த்தப்பட்டன. பால்மரம் நின்ற மண்ணில் அமைச்சகங்களும், அருகே சைபர்ஜெயாவில் கணினி நிறுவனங்களும் எழுந்தன.

அத்திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கு அரசு பத்து உறுதிமொழிகளை அளித்தது. இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்பது அவற்றுள் ஒன்று. 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் இதையொட்டிய வாசகம் இடம்பெற்றது. ஆனால் அவ்வுறுதிமொழி அரசு தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டதே அன்றி, முதலாளியைக் கட்டுப்படுத்தியதன்று. தம் அலுவலகத்தின் இணைப்பில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கலாகாது என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்திடமே இருந்தது.

இணையத்தின் வாயில்

ஓர் அலுவலகத்துக் கணினிகள் யாவும் பொதுவானதொரு வாயில் வழியாகவே இணையத்துக்குச் செல்கின்றன. அவ்வாயிலில் அமைந்த கருவி எந்தக் கணினி, எந்த மணித்துளியில், எந்த முகவரியை நாடியது என்பதைக் குறித்துவைக்கிறது. அலுவலக மின்னஞ்சல் நிறுவனத்தின் வழங்கியில் தங்குகிறது. எழுதியவர் தம் பெட்டியிலிருந்து அழித்தபின்னும் அதன் படி அங்கே இருக்கக்கூடும். கணினியிலேயே நிறுவப்படும் சில மென்பொருள்கள் விசைப்பலகையில் அழுத்திய ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும். குறித்த இடைவெளியில் திரையைப் படம் பிடிக்கும்.

இதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. தீநிரல் நுழையாமல் தடுக்கவும், வாடிக்கையாளர் தரவு கசியாமல் காக்கவும் நிறுவனத்துக்குப் பதிவுகள் தேவை. வேலைநேரத்தை வீணடிப்பதைத் தட்டிக்கேட்கும் உரிமையும் உண்டு. இது பாலை நிறுத்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆனால் அதே பதிவேட்டில் ஊழியர் தம் நோயைப் பற்றித் தேடியதும், வங்கிக் கணக்கைப் பார்த்ததும், தொழிற்சங்கத்துக்கு எழுதியதும், மனைவியோடு பேசியதும் சேர்ந்தே ஏறுகின்றன. மானி பாலை மட்டுமே அளந்தது. வாயிற்கருவியோ பிரித்தறிவதில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அலுவலகம் வீட்டுக்குள் புகுந்தது. 2023-இல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வேலை செய்யும் இடத்தை மாற்றிக்கொள்ள ஊழியர் விண்ணப்பிக்க வழி செய்தது. இவை ஊழியர்க்கு நலம் பயப்பனவே. ஆயினும் நிறுவனத்தின் கணினி வீட்டுக்கு வரும்போது, அதனுள் இருக்கும் கண்ணும் உடன் வருகிறது. வீடும் வேலையும் பிரியாதிருந்த லயத்து வாழ்வின் சாயல் இங்கே மீண்டும் தென்படுகிறது.

சட்டம் கூறுவது

மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆம் விதி கூறும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூறியது. ஆனால் அதே நீதிமன்றம் 2005-இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பு உரிமைகள் அரசின் செயலுக்கு எதிரானவை. தனியார் செயலுக்கு எதிராக அவற்றை நாட இயலாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே அந்தரங்க உரிமை உண்டெனினும், தனியார் அலுவலகத்தின் வாயிலில் அது தயங்கி நிற்கிறது.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது; 2024-இல் திருத்தப்பட்டது. வணிக நடவடிக்கை சார்ந்த தரவுகளையே அது தழுவும். கூட்டரசும் மாநில அரசுகளும் அதற்குட்பட்டவை அல்ல. திரட்டும் தரவு நோக்கத்துக்குத் தேவையானதாகவும் மிகைப்படாததாகவும் இருத்தல் வேண்டும். எதற்காகத் திரட்டப்படுகிறது என எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்பன அதன் நெறிகள். அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பணிநீக்கம் செய்யப்பட்டவர் 1967-ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் முறையிடலாம்.

ஐரோப்பாவில் இவ்வெல்லை இன்னும் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. ருமேனியாவில் தனியார் நிறுவனப் பொறியாளர் ஒருவர், அலுவல் பொருட்டுத் திறந்த உடனடிச் செய்திக் கணக்கில் தம் உடன்பிறந்தாரோடும் மணம் பேசியிருந்த பெண்ணோடும் உரையாடியதற்காக 2007-இல் வேலையிழந்தார். நிறுவனம் அவ்வுரையாடல்களைத் தாள்களில் எழுதியே காட்டியது. 2017 செப்டம்பர் 5-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எவ்வளவு ஆழமாகக் கண்காணிக்கப்படும் என்பது முன்கூட்டி அறிவிக்கப்பட்டதா, தக்க காரணம் இருந்ததா, இதனினும் மென்மையான வழி இல்லையா என்பனவற்றை உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்திருக்க வேண்டும் என்றது. வேலையிடத்திலும் மனிதனின் தனிவாழ்வை அறவே இல்லாமற் செய்ய முதலாளியின் விதியால் இயலாது என்பது அதன் சாரம்.

அத்தீர்ப்பின் மையம் உற்றாரோடு ஒருவர் கொள்ளும் தொடர்பு. 1941-இல் கிள்ளான் தொழிலாளர் உற்றார் வந்துபோகும் உரிமையைக் கேட்டதும் அதற்காகவே. ஒன்று லயத்தின் வாசல். மற்றொன்று கணினியின் திரை. கேட்கப்பட்ட உரிமை ஒன்றுதான்.

எல்லை வகுப்பவர் யார்?

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், அரசன் தன் பணியாளரையும் ஒற்றரால் ஆராயலாம் என்று ஒப்புகிறார். தெரிந்து தெளிதல் அதிகாரத்திலோ, ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஒருங்கே துன்பந்தரும் என்று எச்சரிக்கிறார். மேற்பார்வை வேண்டா என்பது அவர் கருத்தன்று. அதற்கு ஓர் அளவு வேண்டும் என்பதே.

அந்த அளவு தானாக அமைவதில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. தோட்டத்தில் அதைக் கேட்டவர்கள் தொழிலாளரே. அவர்கள் கேட்டிராவிடில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்பது இயல்பென்றே கருதப்பட்டிருக்கும். இன்று அவர்களின் பேரரும் கொள்ளுப்பேரரும் கோலாலம்பூர் அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் நாளில், இணையப் பயன்பாட்டு விதிகள் என்னும் பல பக்கத் தாள் ஒன்று அவர்கள்முன் வைக்கப்படுகிறது. பெரும்பாலோர் அதைப் படியாமலே கையொப்பமிடுகின்றனர். எவற்றைப் பதிவு செய்கிறீர்கள், யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்னும் மூன்று வினாக்களைக் கேட்போர் சிலரே.

எழுத்தறியாத பாட்டனார் தம் கோரிக்கைகளைப் பிறரைக் கொண்டு எழுதுவித்து, அதற்காகச் சிறையும் சென்றார். எழுத்தறிந்த பேரன் தனக்கு நீட்டப்படும் தாளைப் படித்துப் பார்த்தலாவது வேண்டும். தமிழ்ப்பள்ளியும் பல்கலைக்கழகமும் தம் மாணவர்க்கு 1941-ஆம் ஆண்டின் கோரிக்கைப் பட்டியலைக் கற்பித்தால், அவர்கள் அந்தத் தாளைப் படிக்கும் முறையையும் அதனோடு கற்பர்.