‘தமிழன்’ இருந்த பெட்டிகள்

1907 ஜூன் 19 அன்று பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய வார இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. பெயரே விலை. 1914இல் அவர் மறைந்தார். பின்னாளில் கோலார் தங்கவயல் பௌத்தர்கள் ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் ஊர் அது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் வந்ததும், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் முயற்சியால்தான்.

2023 டிசம்பரில் கிண்டியில் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. கோடிகளில் செலவு. அதைக் குறை சொல்லமாட்டேன். காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதர் சிலை நிற்பது சிறிய செய்தியா? ஆனால் கட்டடம் என்றால் டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. பழுத்துப்போன தாளுக்கு இவை எதுவுமில்லை.

நாம் கேட்கவேண்டியது ஆண்டுதோறும் சிறுசிறு மானியம். சேரிச் சங்கத்தின் வரவுசெலவு நோட்டு, இரவுப் பள்ளிப் பதிவேடு, மாநாட்டுத் துண்டறிக்கை இவற்றை ஸ்கேன் செய்து அட்டவணை போட. மூலம் வைத்திருப்பவர் வீட்டிலேயே இருக்கட்டும், படி பொதுவுக்கு வரட்டும். விண்ணப்பத்தில் பதிவுபெற்ற அறக்கட்டளை, மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு என்று கேட்டால், தகரப்பெட்டியோடு இருக்கும் பாட்டி எங்கே போவார்?