பாபிச் குடும்பம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு மேற்கே, ஹெண்டர்சன் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறைகளாக ஒயின் தயாரித்துவரும் குரோவேசிய வம்சாவளிக் குடும்பம். 'பாபிச் ஒயின்ஸ்' நிறுவனம் இவர்களுடையது. முதல் தலைமுறை பிசின் தோண்டியது, மாடு கறந்தது, காய்கறி பயிரிட்டது. ஒயினே பிரதான தொழிலாக 1940கள் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

பூர்விகம் குரோவேசியாவின் அட்ரியாட்டிக் கடலோர டால்மேஷியா. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பகுதி. அந்தச் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் பலருக்குத் திராட்சைதான் பிழைப்பு. 1891இல் ஆஸ்திரியா செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் மலிவான இத்தாலிய ஒயின் வந்து குவிந்தது. சில ஆண்டுகளில் பிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளையே பட்டுப்போகச் செய்தது. இளைஞர்கள் கப்பலேறினார்கள். யோசிப் பாபிச் 1910இல், தம் 14ஆம் வயதில், நியூசிலாந்தின் வடகோடியில் பிசின் தோண்டிக்கொண்டிருந்த அண்ணன்மாரிடம் வந்து சேர்ந்தார்.

கவுரி மரங்களிலிருந்து வடிந்து, மண்ணுக்குள் காலங்காலமாக இறுகிக் கிடந்த பிசின் அது. வார்னிஷுக்கும் லினோலியத்துக்கும் வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. சதுப்பில் நீண்ட இரும்புக் கம்பியைக் குத்தி இறக்குவார்கள். நுனியில் தட்டுப்படுவது கல்லா, கட்டையா, பிசினா என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். தோண்டியெடுத்த கட்டிகளை மாலையில் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். டால்மேஷியர்கள் கூட்டாகச் சேர்ந்து கடுமையாக உழைத்தது மற்றவர்கள் கண்ணை உறுத்தியது. பிசின் நிலங்களில் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் குடிமக்களுக்கென ஒதுக்கி 1898இல் சட்டம் வந்தது. முதல் உலகப் போரின்போது இவர்கள் 'எதிரி நாட்டார்' ஆனார்கள். ஆஸ்திரிய ஆட்சியை வெறுத்தவர்களே இவர்களில் அதிகம் என்பதை அரசு பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இந்தச் சூழலில்தான் வடக்கே கைட்டாயா ஊருக்கு அப்பால் உள்ள கைக்கினோவில், 1916இல், யோசிப் தம் முதல் ஒயினைத் தயாரித்தார். 1919இல் ஹெண்டர்சன் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக் குடியேறினார். காலம் சாதகமாக இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் நாடு தழுவிய மதுவிலக்குக்கு வாக்கெடுப்பு நடந்தது. உள்நாட்டு வாக்குகளில் மதுவிலக்கே முந்தியது, வெளிநாட்டிலிருந்த படைவீரர்களின் வாக்குகள்தான் முடிவை மாற்றின. அப்படிப்பட்ட நாட்டில் ஒயினை மட்டும் நம்பி எந்த விவசாயியும் இறங்கியிருக்க மாட்டார். பசுக்களும் காய்கறிப் பாத்திகளும் சிறு பழத்தோட்டமும் குடும்பத்துக்குச் சோறு போட, திராட்சைக் கொடி ஓரமாக வளர்ந்தது. இந்த நிதானமே பாபிச் குடும்பத்தைக் காப்பாற்றியது எனலாம்.

இறக்குமதிக் கட்டுப்பாடும், இரண்டாம் உலகப் போரின்போது வந்திறங்கிய அமெரிக்கப் படையினரின் தாகமும் உள்ளூர் ஒயினுக்குச் சந்தையைத் திறந்துவிட்டன. அன்று விற்றது பெரும்பாலும் ஸ்பிரிட் கலந்து வலுவூட்டிய இனிப்பு போர்ட்டும் ஷெரியும்தான். தரத்தைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பது நல்லது. யோசிப்பின் மகன்களில் பீட்டர் 1948இலும் ஜோ 1958இலும் தொழிலுக்கு வந்தார்கள். உணவோடு அருந்தும் ஒயினுக்கு நாடு மாறியது இவர்கள் காலத்தில்தான்.

ஹெண்டர்சனின் களிமண்ணும் மழையும் உயர்தரத் திராட்சைக்கு ஒத்துவரவில்லை. குடும்பம் ஹாக்ஸ் பே பகுதியில் கிம்பிளெட் சாலையோரக் கூழாங்கல் நிலத்துக்குப் போனது. 1867 வெள்ளத்தில் நாருரோரோ ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற ஆற்றுப்படுகை அது. நீர் நில்லாது, வெயிலில் கல் சூடேறும், வேறெந்தப் பயிருக்கும் உதவாது. அங்கே விளைந்த 'அயர்ன்கேட்' ஷார்டனே ஒயின் 1985இல் தொடங்கியது. மறு ஆண்டே, மிகை உற்பத்தியால் விலை சரிய, கொடிகளைப் பிடுங்குவோருக்கு அரசு பணம் கொடுத்தது. நாட்டின் கொடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிடுங்கப்பட்டது.

யோசிப் 1983இல் காலமானார். அவர் நினைவாக 'த பேட்ரியார்க்' என்ற சிவப்பு ஒயின் 1994 அறுவடையிலிருந்து வெளிவருகிறது. பின்னர் மார்ல்பரோ பகுதியின் சோவின்யோன் பிளாங்க் ஒயின் பாபிச் நிறுவனத்தின் ஏற்றுமதிச் சரக்கானது. அந்தப் பகுதியில் 1973இல் பெருமளவில் கொடி நட முன்கை எடுத்தவரும் ஒரு குரோவேசியக் குடும்பத்துப் பிள்ளைதான், மொன்டானா நிறுவனத்தின் ஃபிராங்க் யூகிச்.

மேற்கு ஆக்லாந்தின் மற்ற புலம்பெயர் குடும்பங்களில் லெபனானிலிருந்து வந்த கார்பன், குரோவேசிய நொபிலோ ஆகியோரின் நிறுவனங்கள் பெரிய முதலாளிகளின் கைக்குப் போயின. பாபிச் நிறுவனம் 2016இல் குடும்ப உடைமையாகவே நூற்றாண்டைக் கண்டது. நிர்வாகம் யோசிப்பின் பேரன் டேவிட்டிடம் வந்திருந்தது.