முடக்கு வாதமும் பிடுங்கப்பட்ட பற்களும்

முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் நீண்டகால நோயாகும். ஆங்கில மருத்துவத்தில் இது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படுகிறது. கைவிரல்கள், மணிக்கட்டு, முழங்கால் முதலிய மூட்டுகள் வீங்கி, காலையில் விறைத்து, நாளடைவில் உருக்குலைகின்றன. இந்நோயாளிகளின் பற்களுக்கும் மூட்டுகளுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஒரு விடை சொன்னார்கள். அது தவறு என்று தெரிவதற்குள் ஏராளமானோர் தம் பற்களை இழந்துவிட்டனர்.

கிருமிக் கொள்கையின் நிழலில்

இந்நோயை 1800இல் பாரிசில் தமது ஆய்வேட்டில் விவரித்தவர் லாந்த்ரே-போவே. இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1859இல் இட்டவர் ஆங்கிலேய மருத்துவர் ஆல்பிரட் கேரட். பெயர் கிடைத்ததே தவிர காரணம் கிடைக்கவில்லை. ஆஸ்பிரின் வலியைக் குறைத்தது, நோயை நிறுத்தவில்லை. மறுபுறம் காசநோய், காலரா என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி அடையாளம் காணப்பட்டுவந்தது. மூட்டு நோய்க்கும் எங்காவது ஒரு கிருமி ஒளிந்திருக்கவேண்டும் என்று அக்கால மருத்துவர்கள் எண்ணியது இயல்பே.

அது வாயில் ஒளிந்திருக்கிறது என்றார் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர். 1900இல் வாய்ச் சீழ் பல நோய்களுக்குக் காரணம் என்று எழுதினார். 1910இல் கனடாவின் மொன்றியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அமெரிக்கப் பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். அழுகிய வேர்களின் மேல் தங்கத் தொப்பிகளையும் பாலங்களையும் பொருத்தி, அடியில் சீழைப் பூட்டி வைக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அக்காலத்துப் பல் வேலையின் தரத்தை நோக்கினால் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. சிக்கல், அடுத்த படியில்தான் தொடங்கியது.

சிகாகோவின் பிராங்க் பில்லிங்ஸ் 1912இல் இக்கருத்தை மூட்டு நோயுடன் நேரடியாக இணைத்தார். பல் வேர், டான்சில் போன்ற ஓர் இடத்தில் தங்கிய தொற்று, இரத்தத்தின் வழியே பரவித் தொலைவிலுள்ள மூட்டைப் பாதிக்கிறது என்பதே குவியத் தொற்றுக் கொள்கை. அவருடன் பணியாற்றிய எட்வர்ட் ரோஸனோ, ஒரு மூட்டிலிருந்து எடுத்த கிருமியை விலங்குக்குச் செலுத்தினால் அது அவ்விலங்கின் மூட்டையே நாடிச் செல்கிறது என்று அறிவித்தார். 1915இல் அவர் மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனைக்குச் சென்றார். பிறர் அச்சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அதே முடிவுகள் நிலையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அதற்குள் கொள்கை பரவிவிட்டது.

பற்கள் போன காலம்

1920களில் வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட பற்கள் அனைத்தையும் விதிவிலக்கின்றிப் பிடுங்கவேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அமெரிக்காவில் ‘நூறு சதவீதக்காரர்கள்’ என்றே பெயர் ஏற்பட்டது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் வேர் நுனியில் ஒரு சிறு நிழல் தெரிந்தாலே போதும், பல் போய்விடும். நிழல் தெரியாதபோதும் ஐயத்தின் பேரில் பிடுங்கியவர்கள் உண்டு. பற்களால் பயன் கிட்டாவிட்டால் டான்சில், அதன்பின் மூக்கெலும்புக் குழிகள், பித்தப்பை என்று தேடல் நீண்டது.

இதை எதிர்த்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் நியூ ஆர்லியன்சு நகரப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ். 1896லேயே பற்களை எக்ஸ்-கதிரால் படமெடுத்த அமெரிக்க முன்னோடி அவர். தாம் கொண்டுவந்த கருவியே நல்ல பற்களைப் பிடுங்கச் சாக்காகிவிட்டதைக் கண்டு, 1920இல் அதனைக் காலத்தின் குற்றம் என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்காகப் பல் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைப் பிடுங்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. கதிர்வீச்சினால் வந்த புற்றுநோய்க்குத் தம் விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928இல் அவர் இறந்தார்.

கொள்கை இவ்வளவு காலம் நீடித்ததற்கு நோயின் இயல்பே ஒரு காரணம். முடக்கு வாதம் தானாகவே தணியும், மீண்டும் சீறும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி மருத்துவரிடம் செல்கிறார். அப்போது பல் பிடுங்கப்படுகிறது. சில வாரங்களில் வலி தணிகிறது. பல் பிடுங்கப்படாத நோயாளிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்காதவரை இது வெற்றியாகவே தோன்றும். வலி திரும்பினால், இன்னும் எங்கோ சீழ் எஞ்சியுள்ளது என்று சொல்லிவிடலாம். இப்படி எந்த முடிவும் கொள்கையைப் பொய்யாக்காத நிலை இருந்தது.

ரசல் சீசில் இக்கொள்கையை ஏற்றவராக இருந்தவர். 1929இல் மூட்டு நோயாளிகளின் இரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளைக் கண்டதாக அறிவித்த குழுவில் இருந்தவர். அவரே ஆஞ்ஜிவைன் என்பவருடன் சேர்ந்து 1938இல் 200 முடக்கு வாத நோயாளிகளை ஆராய்ந்து, பற்களையும் டான்சிலையும் அகற்றியதால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என்று எழுதினார். தாம் முன்பு நம்பியதைத் தாமே மறுத்த இச்செயல் மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. 1940இல் ரைமான், ஹேவன்ஸ் ஆகியோரின் விமர்சனமும் சேர்ந்து கொள்கையை வலுவிழக்கச் செய்தது. 1948 செப்டம்பரில், ரோஸனோ பணியாற்றிய அதே மேயோ மருத்துவமனையில், பிலிப் ஹென்ச் முதன்முதலாக ஒரு முடக்கு வாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். அதன்பின் பல்லைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய ஓய்ந்தது.

பற்களை இழந்தவர்களின் நிலையை அக்கால ஆய்வுரைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பொய்ப்பல் தொகுதியைக் கழற்றவும், கழுவவும், மீண்டும் பொருத்தவும் விரல்களில் பிடிப்பு வேண்டும். இந்நோய் முதலில் பறிப்பதே அதைத்தான்.

உண்மையான பல் தொல்லைகள்

கொள்கை வீழ்ந்தபோது மூட்டு மருத்துவமும் பல் மருத்துவமும் ஒன்றையொன்று விட்டு விலகின. ஆனால் முடக்கு வாதக்காரர்களுக்குப் பல் தொல்லை அதிகம் என்பது பொய்யன்று, காரணங்கள்தாம் வேறு. 1933இல் சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன், கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களைத் தமது ஆய்வேட்டில் விவரித்தார். அவர்களில் 13 பேருக்கு நாள்பட்ட மூட்டழற்சி இருந்தது. உமிழ்நீர் குறைந்தால் பற்சொத்தை, குறிப்பாக ஈறோரத்துச் சொத்தை, விரைவாக வரும். தாடை மூட்டும் இந்நோய்க்கு ஆட்படுவதால் சிலரால் வாயை அகலத் திறக்க முடிவதில்லை. பல் மருத்துவரின் நாற்காலியில் அரைமணி நேரம் என்பது அவர்களுக்குப் பெரும் வேதனை.

மெல்லிய பிடியுள்ள பல் தூரிகையை இறுகப் பற்றுவதும் கடினம். 1954இல் சுவிட்சர்லாந்தில் உருவான பிராக்ஸோடென்ட் என்னும் மின் தூரிகை, கை இயக்கம் குறைந்தவர்களை முக்கியமாகக் கருதியே வடிவமைக்கப்பட்டது. சாதாரணத் தூரிகையின் பிடியில் துணியோ ரப்பர் குழாயோ சுற்றித் தடிமனாக்கிக்கொள்வதும் பயன்தரும் எளிய வழி.

மருந்துகளும் வாயைத் தொடுகின்றன. அமெரிக்காவில் 1988இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற மெதோட்ரெக்சேட் சிலருக்கு வாய்ப்புண் உண்டாக்குகிறது. ஃபோலிக் அமிலம் அதைக் குறைக்கிறது. ஸ்டீராய்டினால் எலும்பு மெலிந்தவர்களுக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளால் பல் பிடுங்கியபின் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பது 2003 முதல் அறியப்பட்டது. இது அரிதாகவே நேர்கிறது. எனினும் ஒரு காலத்தில் சிகிச்சையாக இருந்த பல் பிடுங்கல், இன்று அத்தகைய நோயாளிகளிடம் தயங்கிச் செய்யப்படும் ஒன்றாகிவிட்டது.

திரும்பி வந்த கேள்வி

1999இல் ஈறுநோய்க் கிருமியான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், புரதங்களிலுள்ள ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும் நொதியைக் கொண்டிருப்பது கண்டறியப்பட்டது. முடக்கு வாத நோயாளிகள் பலரின் இரத்தத்தில் அப்படி மாற்றப்பட்ட புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களே காணப்படுகின்றன. எனவே 2004இல், நோயின் தொடக்கம் ஈறில் நிகழக்கூடும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. பில்லிங்ஸ் சொன்னதுபோல் இங்கே கிருமி மூட்டுக்குப் பயணம் செய்வதில்லை. நோயெதிர்ப்பு அமைப்பு வாயில் தடுமாறத் தொடங்கி, பின்னர் மூட்டைத் தாக்குகிறது என்பதே இக்கருத்து. ஈறுநோய்க்கும் முடக்கு வாதத்துக்கும் இடையே தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. எது எதற்குக் காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இம்முறை ஒப்பீட்டுக் குழுவுடனேயே சோதனைகள் நடக்கின்றன. 2020இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வாய்த் தூய்மைப் பராமரிப்பு அளிக்கப்பட்டது. அவர்களின் வாயில் அக்கிருமி குறைந்தது. மூட்டு நோயின் தீவிரத்தில் மற்றவர்களோடு ஒப்பிடத் தக்க வேறுபாடு தெரியவில்லை.